சீட்டை இறக்கினேன்

என் வீட்டுக்காரருக்கு நடை போன பிறகும் சைக்கிள் ஓட்ட முடிந்தது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பழவேற்காடு பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பம் எங்களுடையது. அவர் ஏரியில் தொழில் செய்தவர். நான் குப்பத்து அங்கன்வாடியில் டீச்சர். ஏரியில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இருக்காது. படகில் நின்றபடி கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் கழி ஊன்றினால் படகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாது என்று கூடப் போகிறவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நின்ற இடத்திலிருந்தே தண்ணீரில் விழுந்தார். காற்று இல்லை, அலை இல்லை. அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

நோய் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பது மட்டும் இப்போது தெரிகிறது. முதலில் போனது வாசனை. நான் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது, கூடையில் இறால் கெட்டு வீடே நாறிக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாய்யா, மூக்கு அடைச்சிக்கினுகீதா?"

"இல்லியே. இன்னாத்துக்கு?"

அதன்பின் குரல் இறங்கியது. வாசலில் நின்று கூப்பிட்டால் ஏரிக்கரைக்குக் கேட்கிற குரல், சமையல்கட்டுக்குக் கேட்காமல் போனது. கடைசியாக முகம். அவர் முகத்தில் சிரிப்பு வருவது நின்றது. கோபமும் வராது. எதைச் சொன்னாலும் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. எங்கள் மகளை ஆரம்பாக்கத்தில் கொடுக்கலாம் என்று சொன்னது நான். அவருக்குப் பக்கத்து ஊரிலேயே கொடுக்க ஆசை. கடைசியில் என் பேச்சுக்குச் சரி என்றார். ஆனால் கல்யாணத்தன்று மேடையில் கல் மாதிரி நின்றார். போட்டோ எடுப்பவர் மூன்று தரம் சொல்லியும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா என்னைத் தனியாக அழைத்து, "பொண்ணோட நைனாவுக்கு இஷ்டமில்லயா?" என்று கேட்டார்கள். என் மானமே போனது போல இருந்தது. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம், சாப்பிட வா, விளக்கை அணை என்பதைத் தவிர நான் அவரிடம் அதிகம் பேசவில்லை.

தண்ணீரில் விழுந்த பிறகுதான் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார், விரலை மடக்கி நீட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் சிரிச்சுக் கடைசியா எப்பம்மா பார்த்தீங்க?" என்று கேட்டார்.

நான் விரல்விட்டு வருடங்களை எண்ணினேன்.

நடுக்குவாதம் என்றார். எல்லோருக்கும் கை நடுங்க வேண்டும் என்பதில்லையாம். சிலருக்கு உடம்பு இறுகிக்கொண்டே போகுமாம். "முகத்துச் சதையும் அப்படித்தான். மனசுல சிரிப்பு இருந்தாலும் முகத்துக்கு வராது." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ரயிலில் பொன்னேரி வந்து சேரும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் அவர் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை கொஞ்ச நாள் நன்றாக வேலை செய்தது. பிறகு நடை மோசமானது. நிலைப்படி அருகில் வந்தால் கால் நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், பாதம் தரையை விட்டு எழும்பாது. "ஒட்டிக்கிச்சிமே" என்பார். நான் கையைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நகரும். வீட்டுக்குள்ளேயே மூன்று முறை விழுந்தார்.

அப்படியிருந்த காலத்தில் ஒரு நாள் காலை அங்கன்வாடியிலிருந்து வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளும் இல்லை. அது என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத பெண்பிள்ளைகள் சைக்கிள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் தொடாமல் கிடந்தது. நான் வாயிலடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பாலத்துப் பக்கமிருந்து அவர் வந்துகொண்டிருந்தார்.

நேராக வந்தார். இரண்டு காலும் ஒரே சீராக மிதித்தன. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன்னால் பஜாருக்குப் போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வருவாரே, அதே ஆள். என்னைத் தாண்டிப் போய், மணலில் சக்கரம் புதைந்து, மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கீழே நின்றதும் மறுபடியும் கால் ஒட்டிக்கொண்டது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு அப்படி உண்டு என்றார். ஏறுவதும் இறங்குவதும்தான் ஆபத்து, ஆள் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பாயிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அதை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்து வீட்டுக்காரரையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். சீட்டு என் மகள் உயரத்துக்கு இருந்தது. பாய் அவரை ஏற்றி உட்காரவைத்து, என்னைக் கேரியரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"பெடலைக் கீழ கொண்டாந்து குதிகாலை வையுங்கண்ணே. காலு நேரா நிக்கணும். அப்பறம் முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கும். அதான் அளவு."

"இவருக்கு ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி இறக்கிடுங்க பாய்," என்றேன் நான்.

"அப்படி இறக்கினா ஓட்ட முடியாது டீச்சர். முட்டி நெஞ்சுக்கு வரும். ரெண்டு நாள்ல வலி எடுத்துடும்."

 பாய் சீட்டை ஏற்றிய பிறகு அவர் காலை ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாயைப் பார்த்துத் தலையை அசைத்தார். நுனிவிரல் மட்டும் தரையைத் தொட்டது. சீட்டுத் தண்டில் அந்த அளவில் பாய் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தார். ஒரு பழைய ஸ்பேனரையும் கொடுத்தார். "சீட்டுக்கு அடியில ரெண்டு பக்கம் நட்டு கீது பாருங்க. அதை லூசு பண்ணா முன்ன பின்ன தள்ளலாம், மூக்கை ஏத்தி இறக்கலாம். அவருக்கு எப்படித் தோதோ அப்படி வச்சிக்குங்க."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வருடம் அந்த சீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

காலையில் ஏழு மணிக்கு வெளியே எடுப்போம். நாங்கள் இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில். வரிசை வரிசையாக வீடு, சுற்றிலும் சிமெண்டு ரோடு. அந்த ரோட்டில் ஒரு சுற்று வந்தால் மறுபடி எங்கள் வாசலுக்கே வந்துவிடலாம். நான் கேரியரைப் பிடித்துக்கொள்வேன். அவர் ஒரு காலை உள்ளே விட்டு ஏறி உட்காருவார். பத்தடி தள்ளிவிட்டுக் கையை எடுப்பேன். சுற்றிவிட்டு வருவார். வேகத்தைக் குறைக்கும்போது ஓடிப்போய் கேரியரைப் பிடிப்பேன். இறங்குவார். அவ்வளவுதான். ஆறு சுற்று, ஏழு சுற்று. சில நாள் பாலம்வரை போய் வருவார், நான் ரோட்டிலேயே நின்றிருப்பேன்.

முதல் வாரம், சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்ததால் தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்றார். மூக்கை இறக்கினேன். அடுத்த நாள் முன்னால் வழுக்குகிறது, உடம்புப் பாரமெல்லாம் உள்ளங்கைக்குப் போகிறது என்றார். மறுபடி ஏற்றினேன். வீட்டில் சோறு கிளறும் தட்டைக் கரண்டியை சீட்டின் மேல் வைத்துப் பார்த்து மட்டம் பிடித்தேன். அது சரியாக இருந்தது. அப்புறம் ஹேண்டில் எட்டவில்லை. நோயால் அவர் உடம்பு குறுகிக்கொண்டே போனது. ஒரு மாதத்துக்கு ஒருமுறை சீட்டை முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

"அரை விரல்," என்பார்.

தள்ளுவேன்.

"ஜாஸ்தி. நூல் அளவு பின்ன."

வீட்டுக்குள் வாயைத் திறக்காத மனிதர் சீட்டைப் பற்றிப் பேசினார். நான் சைக்கிளின் பின்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுவேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். குரல் சன்னமாக இருக்கும் என்பதால் நான் தலையை அவர் பக்கம் சாய்த்துக்கொண்டே வேலை செய்வேன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

அப்படி ஒரு நாள், நட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன். மூன்று வருடமாக உள்ளே கிடந்த கேள்வி.

"பொண்ணு கல்யாணத்துல உனக்கு மனசுல இன்னா இருந்திச்சி?"

அவருக்கு உடனே பதில் வராது. காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன்.

"சந்தோசமாத்தான்மே இருந்தேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "போட்டோகாரன் சிரி சிரின்னான். நான் சிரிச்சிகினுதான் இருந்தேன். அவன் இன்னாத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்றான்னு எனக்குப் புரியல."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அந்த இரண்டு வருடம் அவர் என்னிடம் சிரித்தும் இருப்பார், பாவமாகப் பார்த்தும் இருப்பார், இன்னாமே கோபம் என்று கேட்டும் இருப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவர் முகம்தான். நான் அதற்குத்தான் பதில் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நட்டை இறுக்கி முடித்தேன்.

மழைக்கு முந்தின மாதம் அது நடந்தது. அன்றைக்கு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். உதவியாள் லீவு. "நான் வர்றவரைக்கும் சைக்கிள் கிட்ட போவாத," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். பத்து மணி, பத்தரை இருக்கும். பிள்ளைகளும் தாய்மார்களுமாக நெரிசல். குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிற வழியில் எங்கள் வரிசைப் பெண் ஒருத்தி வாசலில் தலையை நீட்டினாள்.

"டீச்சர், உன் வூட்டுக்காரு நல்லா ஆயிட்டாரு. ரவுண்டு மேல ரவுண்டு அடிச்சிகினுகீறாரு. புள்ளைங்கள்லாம் பின்னாடியே ஓடுதுங்க."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.  "எவ்ளோ நேரமா?" என்றேன்.

"நான் தண்ணிக்கு வந்ததுலேர்ந்து பாக்கறேன். ஒரு மணிநேரம் இருக்கும்."

எடை போடத் தூக்கியிருந்த குழந்தையை அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். செருப்பு எங்கேயோ கழன்றது.

அவர் எங்கள் வரிசைக் கோடியில் திரும்பி வந்துகொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் எதுவும் இல்லை. யார் பார்த்தாலும் காற்று வாங்கப் போகிறவர் என்றுதான் நினைப்பார்கள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்னால் ஐந்தாறு பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தன. நான் எதிரே போய் கேரியரைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்து நிறுத்தினேன். என் தோள்மேல் அப்படியே சரிந்தார். முழங்காலிலிருந்து கீழே அவர் கால் துடித்துக்கொண்டே இருந்தது.

நடந்தது பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்தது. ரோட்டோரத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்று தானாகவே சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். அதை எனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தாராம். அதே மேடையில் காலை வைத்து இறங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் மேடை வந்தது. ஒவ்வொரு முறையும் கால் பெடலை விட்டு வரவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் சிமெண்டில் விழ வேண்டும். அதனால் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார். குழாயடியில் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு, "கூப்ட்டுகினேதான்மே இருந்தேன்," என்றார். "யாருக்கும் கேக்கல."

அன்று சாயங்காலமே நான் ஸ்பேனரை எடுத்தேன். பாய் போட்ட கீறல் உள்ளே மறையும்வரை சீட்டை இறக்கினேன். தண்டு அதற்குமேல் இறங்காது என்கிற இடம்வரை இறக்கி, பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். இனி எங்கே வேண்டுமானாலும் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒசரத்துலதான் காலு சொன்னபடி கேக்குது," என்றார்.

எனக்கு அது கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டேன். அவர் குரல் அப்படி, கேட்கவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அன்று நான் அதைச் செய்தேன்.

பாய் சொன்னதுதான் நடந்தது. முட்டி மேலே மேலே வந்தது. ஹேண்டிலில் இடித்தது. சின்னப் பிள்ளை சைக்கிளில் பெரியவர் உட்கார்ந்தது போல இருந்தார். முன்பு ஒரே சீராகச் சுற்றிய கால், இப்போது ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் தயங்கியது. இரண்டு சுற்றில் வலி வந்துவிடும். நான் வீட்டில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். எட்டு நாளோ, பத்து நாளோ. ஒரு நாள் காலை நடு ரோட்டில் இரண்டு காலையும் ஊன்றி நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். நான் தள்ளிப் பார்த்தேன், எண்ணிப் பார்த்தேன். கால் பெடலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் ஏழு மணிக்கு அவர் எழுந்து உட்காரவில்லை.

நான் சீட்டைத் திரும்பப் பழைய கீறலுக்கு ஏற்றினேன். வந்து உட்கார்ந்து பார் என்று கெஞ்சினேன். ஒரே ஒரு முறை வந்தார். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் அவருக்குள் அப்படியே இருந்தது. "வேணாம்மே," என்றார். நான் இறக்கிவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். சீட்டை இறக்கினதாலதான் நின்னுபோச்சா என்று. "நோய் அதுபாட்டுக்குப் போகும்மா. இன்னிக்கு இல்லன்னா ரெண்டு மாசத்துல நின்னிருக்கும். நீங்க அவர் விழாம பார்த்துக்கிட்டீங்க," என்றார். பாயிடமும் கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதம் அவருடையது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று இப்போதும் சில நாள் காலையில் தோன்றும். வேறு சில நாள், விழுந்து மண்டை உடைந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தோன்றும். இரண்டும் மாறி மாறி வரும்.

அதற்குப் பிறகு பதின்மூன்று மாதம் இருந்தார். கடைசி நான்கு மாதம் படுக்கைதான். விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, பாதிக் கரண்டியாக ஊட்டுவேன். ஒரு வாய்க்கு ஐந்து நிமிஷம் ஆகும். மகள் வாரத்துக்கு ஒரு முறை ஆரம்பாக்கத்திலிருந்து வந்து குளிப்பாட்டிவிடுவாள். நான் தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பேசுவேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்துவிட்டது, இறால் நல்ல வரத்து, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகான இரண்டு வருடத்தைப் பற்றியும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவர் கண் என் மேல் இருந்தது. அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு இரைத்ததும் பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் மதியம், நர்ஸ் கொஞ்சம் கஞ்சித் தண்ணி கொடுத்துப் பாருங்க என்றதால் வெளியே போய் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் வார்டுக்குள் நுழைந்தபோது டாக்டரும் நர்சும் அவர் கட்டிலை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். மூச்சு நின்றுவிட்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊரிலிருந்து வந்த ஒருவர் படுத்திருந்தார். அவர் மனைவிக்கும் எனக்கும் அந்த இரண்டு நாள்தான் பழக்கம். அந்த அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்தார்கள். என்னை அவர்கள் ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். "பொண்ணு நம்பரு சொல்லும்மா, நான் போன் போட்டுத் தர்றேன்," என்றார்கள். எனக்கு நம்பர் நினைவுக்கு வரவில்லை. என் பையைத் திறந்து, போனை எடுத்து, அவர்களே தேடினார்கள். மகள் ஆரம்பாக்கத்திலிருந்து வந்து சேர மூன்று மணி ஆனது. அதுவரை அந்த அம்மா தன் வீட்டுக்காரரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.